மூக்குக் கம்பியில் இருந்த கோளாறு

மரம் தேய்க்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க என்95 மாஸ்க் போட்டிருந்தும், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பழுப்புத் தூள். கண்ணாடியிலும் ஓயாமல் ஆவி படியும். மாஸ்க்தான் மட்டம் என்று இரண்டு பெட்டி மாற்றினேன். பலனில்லை.

கோளாறு என் விரலில் இருந்தது. மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளிவிடுவேன். அது நடுவில் கூராக மடங்கி, இரு பக்கமும் சந்து விட்டது. வடிகட்டி 95 சதவீதத் துகளைப் பிடிக்கும், சரி. சந்து வழியாக வரும் காற்றை அது என்ன செய்யும்? இப்போது இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திவிடுகிறேன். மேல் பட்டை பின்னந்தலையில் உயரமாக, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். முன்பு இரண்டையும் கழுத்திலேயே விட்டிருந்தேன், சோம்பல்தான்.

அப்புறம் தாடி. முள்தாடி இருந்தாலே விளிம்பு தோலில் ஒட்டாது. மனசில்லாமல் மழித்தேன்.

போட்டதும் இரு கையாலும் மாஸ்க்கைப் பொத்தி ஊதிப் பார்ப்பேன். கண்ணோரம் காற்று பட்டால் மறுபடி அழுத்த வேண்டியதுதான். மூச்சிழுக்கக் கனத்தாலோ, நனைந்தாலோ, பட்டை தொய்ந்தாலோ நேராகக் குப்பைக்கு. வார்னிஷ் அடிக்கும் நாளில் இது உதவாது. தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி தனி.