உதவப் போய் நாம் செய்யும் பிழைகள்

திருகோணமலையில் வீட்டில் அடிபடும் பெண்களுக்கான ஆலோசனை வேலைக்குப் புதிதாக வந்தவர்களைக் கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன். “ஏன் இன்னும் அந்தாளோட இருக்கிறீங்கள்?” என்று கேட்கக் கூடாதென்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள்.

இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தொடக்கத்தில் மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். கையில் வளையல் உடைந்து கீறிய காயம். புருசனைக் கூப்பிட்டுக் கதைத்தால் சரிவரும் என்று நினைத்தேன். அவர் வெள்ளைச் சட்டையோடு வந்து, வாய்க்கு வாய் “மிஸ்” என்றார். “என்ன குறை, மிஸ்ஸிட்டச் சொல்லுமன்” என்று மனைவியைப் பார்த்தார். அக்கா சீலைத் தலைப்பில் நூல் பிரித்தபடி “ஒண்டுமில்லை” என்றார். நான் கோப்பில் ‘சமாதானம்’ என்று எழுதிவிட்டேன், அதுவும் பெருமையாக! வெளியில் சொன்னதற்காக அன்றிரவே அடி விழுந்திருக்கிறது. பிறகு ஏழு மாதம் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

பயந்திருப்பவரால் பயமுறுத்துபவருக்கு முன்னால் எதைச் சொல்ல முடியும்? தனியாகக் கதையுங்கள். 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவரே நீதவான் நீதிமன்றத்தில், வன்முறை செய்யக் கூடாதென்று புருசனைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிசாரும் கேட்கலாம். விவாகரத்து வழக்குப் போட வேண்டியதில்லை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளையும் உண்டு. இதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லவேயில்லை.

“இண்டைக்கே வெளிக்கிடுங்கோ” என்பது

விட்டுப் போகப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரம்தான் ஆபத்துக் கூடிய நேரம். போகும் நாள் எது என்பதை அந்தப் பெண்ணே குறிக்கட்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பஸ் காசு எல்லாம் முதலே வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டு அரிசி வாளிக்குள் வைத்திருந்தார்.

கைபேசி

பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுத்த அழைப்பு, புருசன் பார்க்கக்கூடிய அழைப்புப் பட்டியலில் கிடக்கும். அழிக்கச் சொல்லுங்கள்.

காயம்

அவருக்குச் சம்மதமென்றால், ஆற முதல் ஆஸ்பத்திரி. சட்ட வைத்திய அதிகாரி, அதாவது வழக்குகளுக்காகக் காயங்களைப் பரிசோதிக்கும் டொக்டர், அதைப் பதியட்டும்.

பேசாமல் பொறுக்கிறார் என்று நினைப்பது

அந்த அக்கா திரும்பி வந்தபோதுதான் சொன்னார்: மோட்டார் சைக்கிளை நிற்பாட்டும் விதத்திலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று தெரிந்துவிடுமாம். உடனே பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பில் இருக்கும் எண்ணெய்ச் சட்டியை முதலில் இறக்கி வைப்பாராம்.