‘தி பீச்’ படத்துத் தீவைத் தேடிச் செல்வது எப்படி? முதல் முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

டேனி பாயில் இயக்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பீச்’ படத்தில், லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ரிச்சர்ட் என்ற இளைஞன் பாங்காக்கின் காவ் சான் சாலையில் ஒரு மலிவு விடுதியில் தங்குகிறான். அங்கே கிடைத்த ஒரு கைவரைபடத்தை நம்பி, ஒரு பிரெஞ்சு இணையையும் உடன் அழைத்துக்கொண்டு, வெளியுலகம் அறியாத ஒரு தீவைத் தேடிப் புறப்படுகிறான். படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கடற்கரைக்கு நாமும் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றுலாச் சீட்டை வாங்கிக்கொண்டு படகில் ஏறிவிடுகிறார்கள். போன பிறகுதான் எந்த மாதம், எந்தப் படகு, எந்தப் பக்கத்தில் இறங்குவது என்பதெல்லாம் முன்பே தீர்மானித்திருக்க வேண்டியவை என்று அவர்களுக்குத் தெரிகிறது. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது. பாஸ்போர்ட், பணமாற்று, விமானச் சீட்டு ஆகியவற்றைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த இடத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

படத்தில் ஒரே தீவாகத் தெரிவது பல இடங்களை ஒட்டி உருவாக்கப்பட்டது. வெண்மணல் கடற்கரை, அந்தமான் கடலில் கிராபி மாகாணத்தைச் சேர்ந்த பி பி லே தீவின் மாயா விரிகுடா. இளைஞர்கள் உச்சியிலிருந்து குதிக்கும் அருவி, அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே, பாங்காக்கிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள காவ் யாய் தேசியப் பூங்காவின் ஹேவ் சுவாத் அருவி. காவ் சான் சாலை விடுதியாகக் காட்டப்பட்டது, புக்கெட் பழைய நகரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட ஆன் ஆன் ஹோட்டல். அது புதுப்பிக்கப்பட்டு இன்றும் விடுதியாகவே நடக்கிறது.

படத்தில் அந்த விரிகுடாவை நாற்புறமும் பாறைகள் சூழ்ந்திருக்கும். கடலிலிருந்து பார்க்கிறவருக்கு உள்ளே ஒரு கடற்கரை இருப்பதே தெரியாது. உண்மையில் சுமார் 100 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைகள் மூன்று பக்கங்களில்தான் நிற்கின்றன. நான்காவது பக்கம் கடலுக்குத் திறந்தே இருக்கிறது. கணினி வரைகலையால் அதை மூடியிருக்கிறார்கள். இதை அறிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முழுவதும் மூடிய கடல்நீர் ஏரியைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அலெக்ஸ் கார்லண்ட் 1996இல் எழுதிய மூல நாவலின் கதை நடக்கும் இடத்துக்கே போய்விடலாம். அது தாய்லாந்து வளைகுடாவில், கோ சமூய் தீவுக்கு அருகிலுள்ள ஆங் தோங் கடல் தேசியப் பூங்கா. நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அப்பூங்காவில், கோ மே கோ தீவின் நடுவே பச்சை நிறத்தில் ஓர் உப்புநீர் ஏரி பாறைகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. செங்குத்தான படிக்கட்டில் ஏறி மேலிருந்து பார்க்கலாம். படத்தை விட நாவலை நேசிப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. எனினும் பெரும்பாலோர் கேட்பது மாயா விரிகுடாவைப் பற்றி என்பதால் அங்கே செல்லும் வழியை விளக்குகிறேன்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அந்தமான் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை வீசுகிறது. கடல் அமைதியாக இருப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இது தவிர, பவளப்பாறைகளுக்கு ஓய்வு தருவதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாயா விரிகுடாவை முழுமையாக மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களிலும் ‘மாயா பே சுற்றுலா’ என்ற பெயரிலேயே சீட்டு விற்கும் முகவர்கள் உண்டு. படகு விரிகுடாவுக்கு வெளியே சற்று நேரம் நிற்கும், நீங்கள் தொலைவிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அருவியையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஹேவ் சுவாத்தில் நீர் பெருகி விழுவது மழைக்காலத்தில். மார்ச், ஏப்ரலில் அது மெலிந்துவிடும். கடலோ மழைக்காலத்தில் படகுக்கு ஏற்றதாக இருக்காது. அருவியில் ஓரளவு நீர் எஞ்சியிருக்க, அந்தமான் கடலும் அடங்கியிருக்கும் காலம் நவம்பர் பிற்பகுதியும் டிசம்பர் தொடக்கமும்தான். ஆனால் அதே சமயத்தில் வளைகுடாப் பக்கத்தில் மழை வலுத்து ஆங் தோங் பூங்கா மூடப்படுவதுண்டு என்பதால், மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்க முயல வேண்டாம்.

படி 3: தங்கும் ஊர்

புக்கெட், கிராபி, பி பி லேக்கு அருகில் மக்கள் வாழும் பி பி டான் தீவு ஆகிய மூன்றிலிருந்தும் மாயா விரிகுடாவுக்குப் போகலாம். பி பி லேயில் குடியிருப்போ விடுதியோ கிடையாது; இரவு தங்கவும் அனுமதி இல்லை. புக்கெட்டிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக வருபவர்கள் விடுதியிலிருந்து வேனில் படகுத்துறைக்கு வந்து, கூட்டத்தோடு ஸ்பீட்போட்டில் ஏறி, மற்ற எல்லாப் படகுகளும் வந்து சேரும் அதே நேரத்தில் தீவை அடைகிறார்கள். ஆகவே முதல் நாளே பெர்ரியில் பி பி டானுக்கு வந்து ஓர் இரவு தங்குவதே நல்லது என்பேன். புக்கெட்டின் ரசாதா துறையிலிருந்து பெரிய பெர்ரியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். தோன்சாய் துறையில் இறங்கியதும் தீவின் தூய்மைக்கென ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள். அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் உறங்க விரும்புவோர் தோன்சாய்க்கும் லோ தாலும் கடற்கரைக்கும் இடைப்பட்ட குறுகலான பகுதியைத் தவிர்க்க வேண்டும். அங்கே இசை நள்ளிரவைத் தாண்டியும் ஓயாது.

கிராபி வழியாகச் செல்பவர்கள் அரை நாள் ஒதுக்கினால் குளோங் தோம் ஊரின் பௌத்தக் கோயில் அருங்காட்சியகத்துக்கும் போய் வரலாம். தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த, பொற்கொல்லர் பயன்படுத்திய சிறிய உரைகல் கிடைத்தது அந்த ஊரில்தான்.

படி 4: படகு, இறங்கும் இடம், சீட்டு

பெரும்பாலோர் தடுமாறுவது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய ஒளிப்படங்களில் மாயா விரிகுடாவின் மணல் ஓரத்தில் வண்ணத்துணி கட்டிய படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி இப்போது இல்லை. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்து இறங்கியதாலும், படகுகளின் நங்கூரங்கள் பவளப்பாறைகளைச் சிதைத்ததாலும் 2018 ஜூன் மாதம் விரிகுடா மூடப்பட்டது. சில மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அந்த மூடல் நீண்டுகொண்டே போய், 2022 ஜனவரி 1 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். அப்போதிருந்து எந்தப் படகும் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்பக்கத்தில் உள்ள லோ சமா என்ற சிறிய குடாவில் மிதவைத் துறை ஒன்று அமைத்திருக்கிறார்கள். படகு அங்கே நிற்கும், நீங்கள் இறங்கித் தீவின் குறுக்கே சில நிமிடங்கள் நடந்தால் மறுபுறம் கடற்கரை. லோ சமாவில் கயிற்று வலையைப் பிடித்து ஏறிப் பாறை இடுக்கு வழியாக நுழைய வேண்டும் என்று சில பழைய பயணக் குறிப்புகள் சொல்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மூடலுக்கு முந்தைய கதை, இப்போது ஒழுங்கான நடைபாதை இருக்கிறது.

எனவே படகு பேசும்போது “மாயா பே போகுமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “லோ சமா துறையில் நிறுத்தி எங்களைக் கரையில் இறக்குவீர்களா?” என்று கேளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் படகுக் கட்டணத்தில் அடங்கியதா என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டவருக்குப் பெரியவர் ஒருவருக்கு 400 பாட், சிறுவருக்கு 200 பாட் என்பது இக்கட்டணம். குறைந்த விலை சொல்லும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இதைச் சேர்க்காமல்தான் விலை சொல்கின்றன. பணமாகவே கொண்டு செல்லுங்கள். அதே நாளில் அதே பூங்காவைச் சேர்ந்த பாம்பூ தீவுக்கும் போவதாக இருந்தால் அங்கும் சீட்டைக் கேட்பார்கள் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

லாங்டெயில் எனப்படும் நீள்தண்டு மோட்டார் பொருத்திய மரப்படகா, ஸ்பீட்போட்டா என்றால் என் ஓட்டு லாங்டெயிலுக்கே. தோன்சாயிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், நேரத்தை நீங்களே முடிவு செய்யலாம், நான்கைந்து பேர் பகிர்ந்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும். முந்தைய மாலையே துறைக்குப் போய்ப் படகோட்டியிடம் நேரில் பேசிவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: காற்று பலமாக இருக்கும் நாளில் லாங்டெயில் வேண்டாம். லோ சமா தெற்கிலிருந்து வரும் அலைக்குத் திறந்த இடம். அலை எழும்போது மிதவை ஒரு பக்கம் ஏறும், படகின் முனை மறுபக்கம் இறங்கும், இரண்டுக்கும் நடுவே கால் வைத்து இறங்குவது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்தானது. முந்தைய இரவே விண்டி செயலியில் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். தொலைபேசியோடு வரும் வானிலைச் செயலி மழையைச் சொல்லுமே தவிர அலையைச் சொல்லாது.

படி 5: பையில் வைக்க வேண்டியவை

தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில், பவளத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்க்ரீனுக்கு 2021 முதல் தடை இருக்கிறது. மீறினால் 1,00,000 பாட் வரை அபராதம் விதிக்கலாம். குப்பியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குவதை விட, முழுக்கை நீச்சல் சட்டை ஒன்றை வாங்கி அணிந்துகொள்வது எளிது என்பது என் கருத்து. ஈரம் புகாத பை, நழுவாத செருப்பு, கடல் ஒவ்வாதவர்களுக்கு மாத்திரை ஆகியவை போதும். ட்ரோனைப் பூங்காவில் பறக்கவிட முன் அனுமதி வேண்டும் என்பதால் அதை விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

படி 6: கரையில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம்

மீண்டும் திறந்தபோது ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் என்று விதி வகுத்தார்கள். நீந்த அனுமதி இல்லை. முழங்கால் அளவு நீர் வரை இறங்கலாம், அதைத் தாண்டினால் காவலர் விசில் ஊதுவார். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்கள், தண்ணீர் ஓரத்தில் அசையாமல் சில நிமிடங்கள் நின்று பார்க்க வேண்டும். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள், ஒரு முழ நீளம்கூட இல்லாதவை, கணுக்கால் அளவு நீரில் கரையை ஒட்டியே வரும். மணலில் அவற்றின் நிழல் முதலில் தெரியும், பிறகுதான் உடல் தெரியும். மனித நடமாட்டம் இல்லாத ஆண்டுகளில் திரும்பி வந்தவை அவை. நீச்சலுக்குத் தடை நீடிப்பதற்கு அவையும் ஒரு காரணம். காலைச் சுற்றில் கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் விரிகுடா மேற்கு நோக்கித் திறந்திருப்பதால் அதிகாலையில் பாறையின் நிழல் மணலில் விழுந்திருக்கும். கடல்நீரின் பச்சை நிறம் தாங்கள் எடுக்கும் ஒளிப்படத்தில் வர வேண்டும் என்பவர்கள் முற்பகல் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நடைபாதையை விட்டு மணல்மேட்டுச் செடிகளுக்குள் இறங்காதீர்கள். இதற்கும் அந்தப் படத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1999இல் படப்பிடிப்புக்காக மணல்மேட்டைச் சமப்படுத்தி, அங்கே இயல்பாக வளர்ந்த செடிகளை அகற்றி, பார்ப்பவர் மனத்திலுள்ள வெப்பமண்டலச் சொர்க்கத்துக்கு ஏற்பத் தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் போனதால் அடுத்து வந்த பருவமழையில் கரை அரிக்கப்பட்டது. உள்ளூர் நிர்வாக அமைப்புகள் தொடுத்த வழக்கில், சூழலுக்குச் சேதம் ஏற்பட்டது என்ற தீர்ப்பை 2006இல் தாய்லாந்து உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ் ஒரு கோடி பாட் தருவதாக உடன்பட்டு அவ்வழக்கு 2022இல்தான் முடிவுக்கு வந்தது.

நீந்தியே ஆக வேண்டும் என்பவர்கள் திரும்பும் வழியில் அதே தீவின் பிலே குடாவில் படகை நிறுத்தச் சொல்லுங்கள். உயர்ந்த பாறைகளுக்கு நடுவே குறுகலான வாயிலோடு உள்ளடங்கியிருப்பதால், படத்தில் வரும் மூடிய ஏரிக்கு மாயா விரிகுடாவை விட இதுவே நெருக்கமாக இருக்கிறது.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

அருவியில் குதிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஹேவ் சுவாத்தில் குதிப்பதற்கு அனுமதி இல்லை. சுமார் 20 மீட்டர் உயரம், அடியில் பாறைகள்.

மே 2025 முதல் தாய்லாந்து செல்லும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். தேடலில் முதலில் வரும் சில தனியார் தளங்கள் இதற்குப் பணம் கேட்பதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கட்டணம் கேட்கும் பக்கம் வந்தால் வங்கி அட்டை விவரங்களைக் கொடுக்காமல் மூடிவிட்டு, அரசுத் தளத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து செல்லுங்கள்.