ஆன்லைன் மொழிப் பரிமாற்றம்: கடிகாரத்திலும் திருத்தத்திலும் கவனம்

வேறு நாட்டு மாணவரோடு வாரம் ஒருமுறை பேசி, நீங்கள் அவர் மொழியையும் அவர் தமிழையும் பழகுவதற்கான வழி இது. ஆள் தேடச் செயலிகள் உண்டு. ஆனால் இரு பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகள் வழியாகச் சேர்வதே மேல். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியும், தேர்வு நாட்களும் முன்பே தெரியும். இருவரும் அடுத்தவர் மொழியில் ஏ2 நிலையையாவது (எளிய அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவு) தொட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் முதல் மாதம் குரல் செய்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. நேரம்

ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள். அமெரிக்காவில் அதே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஜப்பானில் மாற்றமே இல்லை. ஜெர்மனியில் காலை 10 மணி என்பது ஜப்பானில் கோடையில் மாலை 5, குளிர்காலத்தில் 6. யாருடைய கடிகாரம் நிலையானது என்று முதல் நாளே முடிவுசெய்து, கேலண்டர் அழைப்பை அந்த நேர மண்டலத்தில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் "நாளைக்கு 6 மணி" என்று மட்டும் எழுதினால் ஒருவர் காத்திருப்பார், ஒருவர் தூங்குவார்.

2. ஒரு மணி நேரம்

25 நிமிடம் ஒரு மொழி, 5 நிமிடம் திருத்தம்; அடுத்த 25 + 5 மற்ற மொழிக்கு. டைமர் கட்டாயம். எந்த மொழி முதலில் என்பதை வாராவாரம் மாற்றுங்கள், களைத்தபின் வரும் மொழிக்குத்தான் எப்போதும் நஷ்டம். மொழிகளைக் கலக்கவும் வேண்டாம். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய டெலிடேண்டம் என்ற இணையவழி மொழிப் பரிமாற்றத் திட்டத்திலும் இது அடிப்படை விதி. இருவருக்கும் ஆங்கிலம் தெரிந்தால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு அதற்குள் வழுக்கிவிடும். "இதை எப்படிச் சொல்வது?" என்ற கேள்வியை அவர் மொழியில் முதலிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள், வழுக்காமல் பிடித்துக்கொள்ள அது போதும்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், அதாவது இரண்டாவது மொழியின் நடுவில். இருவர் மட்டும் என்றால் கூகுள் மீட் நல்லது.

3. திருத்தம்

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிட்டால் பேசுபவர் வாயை மூடிக்கொள்வார். "ரொம்ப நல்லா பேசுறீங்க" என்று விட்டுவிட்டாலோ பயனே இல்லை. பேசும்போது இருவரும் திறந்து வைத்திருக்கும் ஒரே கூகுள் டாக்கில் குறித்துக்கொண்டே வாருங்கள்: சொன்னது, சொல்ல வேண்டியது, புது வாக்கியம் என்று மூன்று நெடுவரிசை. ஒரு முறைக்கு ஐந்து பிழைக்கு மேல் வேண்டாம். பொருளை மாற்றும் பிழைக்கே முதலிடம். "நாம நாளைக்கு ஊருக்குப் போறோம்" என்று அவர் சொன்னால், அது "நாங்க"வாக இருக்க வேண்டியதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான்!

இலக்கணக் காரணம் தெரியாவிட்டால் இட்டுக்கட்டாதீர்கள். "நான் இந்தப் பாட்டு பிடிக்கும்" என்றால், "எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும், அவளுக்கு மழை பிடிக்காது, உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று மூன்றைக் கொடுங்கள். மீதியை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் தனியாக உண்டு. பாடப்புத்தகத்தில் "செய்கிறேன்", உங்கள் வாயில் "செய்றேன்". பேச்சில் பேச்சுத்தமிழ், டாக்கில் அதன் பக்கத்தில் எழுத்துத்தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தகத்தமிழில் பேசினால் அது பிழையல்ல, ஐந்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

4. என்ன பேசுவது

"உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குத் திருவிழாப் பட்டியல்தான் பதிலாக வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1997-இல் தொடங்கிய கல்ச்சுரா என்ற பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தின் முறை இதைவிட நன்றாக வேலை செய்யும். ஒரே அரைகுறை வாக்கியத்தை இருவரும் அவரவர் தாய்மொழியில், அடுத்தவர் எழுதியதைப் பார்க்காமல் முடிக்க வேண்டும். "நல்ல நண்பர் என்பவர்...", "ஆசிரியரிடம் செய்யக்கூடாதது..." என்று நான்கைந்து போதும். பிறகு இரண்டு பதில்களையும் அருகருகே வைத்து, எங்கே விலகுகின்றன என்று பேசுங்கள்.

பின்சேர்த்தது: திருத்தவே தயங்குபவர்கள் உண்டு, முகத்துக்கு நேரே பிழை சொல்வது அவர்களுக்குச் சங்கடம். அவர்களிடம் டாக்கை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். ரெக்கார்ட் செய்வதானால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள், சென்ற வாரம் சரி என்றது இந்த வாரத்துக்குச் செல்லாது.