நாவலைக் கையில் வைத்துக்கொண்டு கொங்கு நாட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' படித்து முடித்த சூட்டில் காங்கேயம் பஸ் ஏறியவர்களில் நானும் ஒருவன். இறங்கியதும் நாகம்மாளின் வீட்டைத் தேட ஆரம்பித்தேன். முதல் தவறு அதுதான். நாவல் வந்த வருடம் 1942. பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955-இல். அந்த அணையின் வாய்க்கால் பாயும் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டு, "கதையில் வரும் வறண்ட காடு எங்கே?" என்று குழம்பிப் போனேன் (கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம்). புத்தகம் வந்த வருடத்தையும், அதன் பிறகு அந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வீடு கிடைக்காது, நிலம் கிடைக்கும். வாய்க்கால் எட்டாத பக்கம் நடந்தால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இன்னும் இருக்கிறது. உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் மாடுகள், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த வேலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நெருக்கமாக நட்ட போத்துகள் (கிளைத்துண்டுகள்) வேர்பிடித்து, முள்ளும் கிளையுமாக ஒன்றோடொன்று பின்னி, வெள்ளாட்டுக் குட்டிகூட நுழைய முடியாதபடி நிற்கும். ஒரு வேலி இப்படி இறுகப் பல வருடங்கள் ஆகும். கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் தன் பங்கைப் பிரித்துக் கேட்பது ஏன் ஒரு குடும்பத்தையே உலுக்குகிறது என்பது அந்த வேலியோரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது பேச்சு. வட்டாரச் சொல்லைத் தாண்டிக் குதித்துப் படிப்பவர்கள் ஊரிலும் காது கேளாதவர்களாகவே திரும்புகிறார்கள். 'நோம்பி' என்றால் பட்டினி என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே நோம்பி என்பது திருவிழா, கிடாய் வெட்டி ஒறம்பரையெல்லாம் (உறவினர்களெல்லாம்) கூடிச் சாப்பிடும் நாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா என்னிடம், "ஏஞ்சாமி, நோம்பிக்கு ஒறம்பரையா வந்தீங்களா? ஆரூட்டுக்குங்க?" என்று கேட்டார். அந்த ஒரு வரியில் அன்பும் இருந்தது, விசாரணையும் இருந்தது. நாவல்களில் வரும் உரையாடலின் தொனி அதுவேதான். நாவலாசிரியர் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி கூட இருந்தால் பெரிய துணை.

ஒரே நாவலை வைத்து ஊரை முடிவுகட்டுவதும் தவறு. பண்ணயக்காரர், அதாவது நிலம் வைத்திருப்பவர், பார்வையில் படித்த அதே காட்டை, அங்கே ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவனின் கண்ணால் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலில் படியுங்கள். கிணறும் ஆட்டுப்பட்டியும் வேறு மாதிரித் தெரியும். இரண்டையும் படிக்காமல் கொங்குக் கிராமம் பற்றிப் பேசுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

திருச்செங்கோட்டில் நடக்கும் தவறு மனதைப் புண்படுத்துவது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைப் படித்தவர்கள் மலைப்படியில் போகிறவர்களை நிறுத்தி, "அந்தத் திருவிழா நிஜமா?" என்று கேட்கிறார்கள். 2014 கடைசியில் அந்த நாவலுக்கு வெடித்த எதிர்ப்பு, எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று எழுத்தாளர் அறிவித்தது, 2016 ஜூலையில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு என எல்லாவற்றையும் பார்த்த ஊர் அது. தயவுசெய்து கேட்காதீர்கள். அது புனைவு. அதற்குள் இருப்பது பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊர்வாயில் படும் பாடு. படியேறும் வழியில், பாறையில் செதுக்கிய பெரிய நாகத்தின் மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். ஒவ்வொரு அப்பலும் யாரோ ஒருவருடைய வேண்டுதல். அங்கே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், போதும்.

திருப்பூரில் பழமையைக் கோயிலில் மட்டும் தேடாதீர்கள். காதர்பேட்டை பனியன் கடைகளுக்குள் நுழையுங்கள், ஷிப்ட் விடும் நேரத்தில் டீக்கடையில் உட்காருங்கள். சாயக்கழிவில் மூச்சுத்திணறிய நொய்யல் ஆற்றைப் பற்றி சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை' நாவல் 1998-இல் வந்தது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. இரண்டு வருடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று, கீழே ஓடும் தண்ணீர் என்ன நிறம் என்று நீங்களே பாருங்கள்.