மனுவிலும் லீவு லெட்டரிலும் ‘ரிக்வெஸ்ட்’: பிழையில்லாமல் எழுதும் முறை

கடலூர் சிப்காட் கம்பெனியில் லீவு கேட்டாலும், புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தாலும், ‘ரிக்வெஸ்ட்’ வராமல் இருக்காது. (கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவுக்கு இந்தப் பாடு வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள்.) நன்றாகப் படித்தவர்களும் இந்தச் சொல்லில் வழுக்குகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் அதற்கு ஒரே உருவம் என்பதுதான் காரணம்.

பொருள் வரியில் ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று போடுவது சரி. நம் ‘விடுப்பு வேண்டி’க்கு நேரான தொடர் அது, அங்கே ரிக்வெஸ்ட் பெயர்ச்சொல். அந்த ‘ஃபார்’ கடிதத்துக்குள்ளும் நுழைந்து ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ ஆகும்போது பிழையாகிறது. வினையாக வந்தால், கேட்கும் பொருள் அதை ஒட்டியே நிற்க வேண்டும்: ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ் ஃபார் டூ டேஸ்’. இங்கே வரும் ‘ஃபார்’ நாள் கணக்குக்கு உரியது, அது இருக்கலாம். இன்னொன்று ‘டு யூ’. ‘தங்களிடம்’ என்று உருபு போட்டே பழகிய கை ‘ஐ ரிக்வெஸ்ட் டு யூ’ என்று எழுதிவிடும். அந்த ‘டு’வை அடித்துவிடுங்கள்.

அதிகம் பயன்படும் அமைப்பு இது: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு’, அதன்பின் ஒரு வினை. அந்த வினையைச் செய்யப்போகிறவர் எதிரில் இருப்பவர், நீங்கள் இல்லை. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு அவெய்ல் டூ டேஸ் லீவ்’ என்று எழுதினால், மேலதிகாரியை லீவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். அவர் செய்வது அனுமதி தருவது. ஆகவே ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்’. எழுதியதும் ‘டு’வுக்குப் பின்னால் உள்ள வினையைத் தொட்டு ‘இதை யார் செய்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்’ பரவலாக இருந்தாலும் எங்களுக்கு ஒப்புதல் இல்லை. தயவு காட்ட வேண்டியவர் அவர். சொல்லை அவர் பக்கம் வையுங்கள்: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட்’. கூடவே ‘ப்ளீஸ்’ வேண்டாம். ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதை நினைத்து ‘ஐ ஆம் ரிக்வெஸ்டிங்’ என்று எழுத வேண்டியதில்லை, ‘ஐ ரிக்வெஸ்ட்’ போதும். ‘ரிக்வெஸ்டிங் யூ டு டூ தி நீட்ஃபுல்’ என்று முடிப்பதில் இரண்டு கோளாறு: வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை, எது ‘நீட்ஃபுல்’ என்பதும் தெரியவில்லை. மீட்டரை மாற்ற வேண்டுமா, பில்லைத் திருத்த வேண்டுமா? அதையே எழுதுங்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பதற்கு ‘தட்’ உண்டு: ‘ஐ ரிக்வெஸ்ட் தட் மை நேம் பி கரெக்டட் இன் தி ரேஷன் கார்டு’. இந்தத் ‘தட்’டுக்குப் பின் வினை மாறாமல் அதன் மூல வடிவிலேயே நிற்கும், ஆகவே இங்கே ‘இஸ்’ வராது, ‘பி’தான். ‘ஷுட் பி’யும் சரியே. இதே காரணத்தால் ‘ஐ ரிக்வெஸ்ட் தட் ஹி அட்டெண்ட்’ என்பதில் ‘அட்டெண்ட்ஸ்’ ஆகாது.

‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். மேலதிகாரிக்கு அப்படி எழுதினால் உத்தரவு போல ஒலிக்கும். பக்கத்து மேஜைக்காரரிடம் ஃபைல் கேட்க ‘குட் யூ ப்ளீஸ்’ போதும்.

பதில் வரவில்லையென்று நினைவூட்டுக் கடிதம் எழுதும்போது பலரும் ‘ஐ ஹேட் ரிக்வெஸ்டட்’ என்று தொடங்குகிறார்கள். தேதி போட்டால் ‘ஹேட்’ வேண்டாம்: ‘ஐ ரிக்வெஸ்டட் எ நியூ மீட்டர் ஆன் 3 ஜூன்’. முதல் கடிதத்தின் நகலையும் சேர்த்து இணையுங்கள்.