கறுத்த றெசிஸ்டரை மட்டும் மாற்றாதீர்கள்: பழைய றேடியோ திருத்துவோர் விடும் பிழைகள்

பழைய றேடியோவைத் திறந்ததும் கறுத்துப்போன றெசிஸ்டர் ஒன்று கண்ணில் படும். அதைக் கழற்றி, அதே அளவில் புதியதைப் போட்டுக் கரண்ட் கொடுத்தால் அதுவும் புகையும். றெசிஸ்டர் தானாக எரிவது குறைவு. அதற்கு அடுத்துள்ள கொண்டன்சரோ றான்சிஸ்டரோ ஷோர்ட் ஆகிக் கரண்டை இழுத்திருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை அளந்து பாருங்கள்.

இலங்கையின் வன்னியில் கிடைத்த செட் என்றால், அது எதில் ஓடியது என்றும் விசாரிக்க வேண்டும். போர் நடந்த 1990களில் அங்கே கரண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் பலர் செய்தி கேட்டார்கள். 6 வோல்ட் டைனமோ, லைற் பல்ப் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் 6 வோல்ட்டில் நிற்காது, நன்றாக மேலே ஏறும். அப்படி ஓடிய செட்டில் 10 வோல்ட் வரைதான் தாங்கும் கொண்டன்சர்களையும் வெளியீட்டு றான்சிஸ்டர்களையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பற்றறியின் பிளஸ், மைனஸை மாறிக் கொடுப்பது இன்னொரு பிழை. பழைய ஜெர்மேனியம் றான்சிஸ்டர் செட்டுகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த், அதாவது பொது இணைப்பு. மீட்டரின் கறுப்பு வயரை எர்த்தில் வைத்து அளந்து பழகியவர், மைனஸ் காட்டுகிறதே என்று நல்ல செட்டையே குழப்பிவிடுவார். றான்சிஸ்டரின் பேஸ், எமிற்றர் கால்களுக்கு இடையே, சிலிக்கனில் வருவதுபோல 0.6 வோல்ட் இல்லை என்று றான்சிஸ்டரைக் கழற்றி எறிவதும் வீண் வேலை. ஜெர்மேனியத்துக்கு 0.2, 0.3 வோல்ட்டே சரி.

போர்ட்டில் வைத்தே றெசிஸ்டரை அளந்தால், மற்றப் பாகங்கள் வழியாகவும் கரண்ட் போய்க் குறைவாகக் காட்டும். அதில் பயமில்லை. எழுதியிருப்பதைவிடக் கூடக் காட்டினால் யோசியுங்கள், பழைய கார்பன் றெசிஸ்டர்கள் வயது போகப் போக அளவு ஏறும். ஒரு காலைக் கழற்றி அளந்தால் சந்தேகமே வராது.

வால்வு செட்டில் மீட்டரை அப்படியே நம்பக்கூடாது. அது சில வோல்ட்டில்தான் சோதிக்கும். 200 வோல்ட்டில் கரண்டை ஒழுகவிடுகிற பேப்பர் கொண்டன்சர், மீட்டருக்கு முன்னால் நல்ல பிள்ளை. செட் ஓடும்போது வெளியீட்டு வால்வின் கிரிட்டில் (சிக்னல் உள்ளே போகும் முனை) பிளஸ் வோல்ட்டேஜ் தெரிந்தால், பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள கொண்டன்சர்தான் ஆள். விட்டால் வால்வும் போய்விடும். (ஓவ் பண்ணிய பிறகும் பெரிய கொண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும், கை வைக்க முதல் இறக்கிவிடுங்கள்.)

கடைசியாக ஏஎப் 117. நாலு கால் உள்ள இந்த றான்சிஸ்டரின் உலோகக் கூட்டுக்குள் மயிர்போல மெல்லிய தகர இழை வளர்ந்து உள்ளே ஷோர்ட் ஆக்கிவிடும். உடனே மாற்றத் தேவையில்லை. கூட்டோடு தொடுத்த நாலாவது காலை வெட்டிவிட்டுப் பாருங்கள், பல செட்டுகள் அதோடு பாடத் தொடங்கும்.