விசையியல், மென்பருப்பொருள் இயற்பியல்: மாநாட்டிலிருந்து ஆசிரியர் பணி வரை

விசையியலிலோ (மெக்கானிக்ஸ்), எளிதில் உருமாறும் பொருள்களை ஆராயும் மென்பருப்பொருள் இயற்பியலிலோ முனைவர் பட்ட ஆய்வின் கடைசி இரண்டு ஆண்டுகளை எட்டியவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இத்துறைகளுக்கென்று தனிக் கட்டடம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இல்லை என்பதே. கூழ்மம், ஜெல், நுரை, மணற்குவியல், மெல்லிய ஏடு (படலம்), உயிரணுச் சவ்வு ஆகியவற்றை ஆராய்பவர்கள் இயற்பியல் துறையிலும் இருக்கிறார்கள். இயந்திரப் பொறியியல், வேதிப் பொறியியல், கட்டுமானப் பொறியியல், பொருளறிவியல், பயன்முறைக் கணிதம் ஆகிய துறைகளிலும் இருக்கிறார்கள். ஆகவே பணி விளம்பரங்களில் துறையின் பெயரை மட்டும் தேடுபவருக்குக் கிடைப்பவை சிலவே. 'பாய்ம இயக்கவியல்', 'மீள்தன்மை', 'பாலிமர்', 'உயிர் இயற்பியல்', 'மென்மையான ரோபோ' என்று தம் ஆய்வுப்பொருள் எந்தெந்தப் பெயர்களில் அழைக்கப்படக்கூடும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, அத்தனை பெயர்களிலும் தேட வேண்டும். (சாஃப்ட் மேட்டர் என்பதை 'மென்பொருள்' என்று எழுதினால் கணினி நிரலைக் குறித்துவிடும் என்பதால் இங்கே 'மென்பருப்பொருள்' என்கிறேன். 1991இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற பியேர்-ஜீல் டி ஜென் தம் நோபெல் உரைக்கு இந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார்.)

அடுத்தது நாட்காட்டி. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவிப் பேராசிரியர் விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் வரத் தொடங்கும்; விண்ணப்பக் கெடு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் விழும்; நேர்காணல்கள் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும்; பணியில் சேர்வது அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில். மாநாடுகளின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் கூட்டத்துக்கு, அதாவது 2025 முதல் குளோபல் ஃபிசிக்ஸ் சம்மிட் என்ற பெயரில் நடக்கும் கூட்டத்துக்கு, ஆய்வுச் சுருக்கத்தை முந்தைய இலையுதிர் காலத்திலேயே அனுப்பிவிட வேண்டும். அதே கழகத்தின் பாய்ம இயக்கவியல் பிரிவு நவம்பரில் கூடுகிறது. அதற்கான சுருக்கம் கோடை முடிவதற்குள் போக வேண்டும். பொருள்கள் எப்படிப் பாய்கின்றன, உருமாறுகின்றன என்று ஆராயும் பாய்வியலுக்கான சொசைட்டி ஆஃப் ரியாலஜி 1929இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அதன் ஆண்டுக் கூட்டம் வழக்கமாக இலையுதிர் காலத்தில் வரும். ஓர் இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்க எண்ணுபவர், தம்மைத் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் தம் உரையைக் கேட்டிருக்க வேண்டும் என்றால், அதற்கு முந்தைய மார்ச்சில் பேசியிருக்க வேண்டும். அதற்கான சுருக்கத்தை விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாமதமாகப் போட்டதால் ஓராண்டை இழந்த திறமையான மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்பாட்டு, பயன்முறை விசையியலுக்கான உலக மாநாடு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. 1924இல் டெல்ஃப்ட் நகரில் முதல் மாநாடு கூடியது; நூறாம் ஆண்டான 2024இல் தென்கொரியாவின் தேகு நகரில் கூடியது. முனைவர் பட்டக் காலத்தில் பெரும்பாலும் ஒருமுறைதான் வாய்க்கும் என்பதால், அது வரும் ஆண்டை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது.

பெரிய கூட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பல அறைகளில் பேசுவார்கள். உங்கள் அறைக்கு யார் வருவார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சுருக்கம் அனுப்பும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்புப் பகுப்புதான். இதை அவசரத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்ற ஆண்டின் நிகழ்ச்சி நிரலை எடுத்து, நீங்கள் யாருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறீர்களோ அவர்கள் எந்த அமர்வில் பேசினார்கள் என்று பார்த்து, அந்தப் பகுப்பையே குறியுங்கள். சிறிய கூட்டங்களின் தன்மை வேறு. கோர்டன் ஆய்வு மாநாடுகளில் வெளியிடப்படாத முடிவுகளைப் பேசுவார்கள். படம் எடுப்பதோ பதிவுசெய்வதோ கூடாது என்பது விதி. அவற்றில் பலவற்றுக்கு முந்தைய வார இறுதியில் மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும் (முனைவர் பட்டத்துக்குப் பின் தற்காலிக ஆய்வுப் பணியில் இருப்பவர்கள்) தாமே நடத்தும் கருத்தரங்கு ஒன்று உண்டு. முதன்முறை செல்பவர் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது நல்லது. ஆய்வின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர் மாநாட்டுக்கும் பயிலரங்குக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பயிலரங்கையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பிரான்சின் லெ ஊஷ் பள்ளி 1951 முதல் இயங்குகிறது. இத்தாலியின் ஊதினே நகரில் உள்ள சிஸ்ம் மையம் விசையியல் பாடங்களை நடத்துகிறது. அமெரிக்காவின் போல்டர் கோடைப் பள்ளி ஏறத்தாழ நான்கு வாரம் நீள்கிறது. ஒரே உணவுக்கூடத்தில் பல நாட்கள் உட்கார்ந்து பேசிய ஆசிரியருக்கு, பின்னாளில் உங்கள் விண்ணப்பம் கைக்கு வரும்போது உங்கள் முகமும் நீங்கள் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வரும்.

சுருக்கம் எழுதும் நாளில் முடிவுகள் முழுமையாக இருக்காது. அதற்காகப் பொதுவாக எழுதி மழுப்பக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நூறு நானோமீட்டர் தடிமனுள்ள பாலிஸ்டைரீன் ஏட்டை நீரின் மேல் மிதக்கவிட்டு, அதன் நடுவில் ஒரு துளி நீரை வைத்தால், துளியைச் சுற்றிச் சூரியக் கதிர்கள் போல மடிப்புகள் விரியும். துளியின் பரப்பு இழுவிசை ஏட்டை உள்நோக்கி இழுப்பதால் வட்டத் திசையில் அழுத்தம் உண்டாகிறது; ஏடு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் மடிகிறது. இதைப் பற்றி 'மெல்லிய ஏடுகளின் மடிப்புகளை ஆராய்ந்தோம். விளைவுகள் விவாதிக்கப்படும்' என்று எழுதினால் யாரும் அறைக்கு வரமாட்டார்கள். 'மடிப்புகளின் எண்ணிக்கையும் நீளமும் ஏட்டின் தடிமனோடு எப்படி மாறுகின்றன என்று அளந்தோம். இரண்டையும் சேர்த்தால் தடிமனையும் மீள்தன்மைக் குணகத்தையும் ஒரே படத்திலிருந்து பெறலாம்' என்று எழுதினால், கேள்வி, அளவீடு, பயன் மூன்றும் இரண்டு வரிகளில் வந்துவிடுகின்றன. (மீள்தன்மைக் குணகம் என்பது பொருளின் விறைப்பைக் குறிக்கும் அளவு. இந்த முறை 2007இலேயே வெளியானது, ஆகவே உங்கள் சுருக்கத்தில் அதற்கு மேல் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும்.)

மார்ச் கூட்டத்தின் வழக்கமான உரைக்குப் பத்து நிமிடம், கேள்விக்கு இரண்டு நிமிடம். ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களை அதற்குள் திணிக்க முயல்வதே நான் மிகுதியாகக் காணும் தவறு. ஒரு கேள்வி, ஒரு சோதனைப் படம், ஒரு வரைபடம், அந்த வரைபடத்தின் சாய்வு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஓர் இயற்பியல் விளக்கம்: இவ்வளவுதான் பத்து நிமிடத்தில் அடங்கும். மேலே சொன்ன ஏட்டையே எடுத்தால், தடிமன் இருமடங்கானால் வளைவு எதிர்ப்பு எட்டு மடங்காகும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதனால் மடிப்புகள் ஏன் அகலமாகின்றன என்று படத்திலேயே கைகாட்டி விளக்கலாம். வரைபடத்தைக் காட்டியதும் முதலில் இரு அச்சுகளும் எவை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நன்றி கூறும் ஸ்லைடில், எந்த மாதத்திலிருந்து போஸ்ட்டாக் வாய்ப்பைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரி சேர்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

போஸ்ட்டாக் பணியிடங்களில் கணிசமானவை விளம்பரமாக வருவதற்கு முன்பே கடிதம் வழியாக நிரம்பிவிடுகின்றன. எனவே பட்டம் முடிவதற்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை முன்பாகவே எழுதத் தொடங்குங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால், பெறுபவர் முதல் வரியிலேயே அதைக் கண்டுகொள்வார். அவருடைய ஒரு கட்டுரையில் எஞ்சி நிற்கும் கேள்வி எது, அதை அணுக உங்களிடம் உள்ள கருவியோ கணக்கீட்டு முறையோ எது என்று நான்கைந்து வரிகளில் எழுதி, தன்விவரக் குறிப்பை இணைத்தால் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்; மாநாட்டுக்கு அவர் வருகிறார் என்றால் அங்கே பதினைந்து நிமிடம் கேட்கலாம். உதவித்தொகைகளின் தகுதி விதிகளையும் இப்போதே படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பாவின் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகையில், பொதுவாக, கெடு நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஒரு நாட்டில் வசித்தவரோ பணியாற்றியவரோ அதே நாட்டுக்குச் செல்ல அந்த உதவித்தொகையைப் பெற முடியாது. ஆசைப்பட்ட ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு இந்த விதியைப் படித்து வருந்துவது தவிர்க்கக்கூடிய இழப்பு.

ஆசிரியர் பணிக்கான ஆய்வுத் திட்ட அறிக்கையை ஒவ்வொரு துறைக்கும் திருத்தி எழுத வேண்டும். அதே மிதக்கும் ஏட்டை இயற்பியல் துறைக்கு எழுதும்போது, எந்த இரு ஆற்றல்களின் போட்டியில் மடிப்பின் அலைநீளம் உருவாகிறது, அந்தக் கொள்கை வேறு எந்த அமைப்புகளுக்குப் பொருந்தும் என்பது முன்னால் வர வேண்டும். இயந்திரப் பொறியியல் துறைக்கு எழுதும்போது, தொட்டு அளக்க முடியாத ஏட்டின் குணகத்தை அளக்கும் வழி என்பது முன்னால் வர வேண்டும்; எந்த இளநிலைப் பாடங்களை நீங்கள் நடத்த முடியும் என்பதையும் அங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் திடப்பொருள் விசையியலையோ வெப்ப இயக்கவியலையோ நடத்த ஆள் தேவைப்படுவதாலேயே அந்த இடம் உருவாகியிருக்கக்கூடும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது உங்கள் நெறியாளர் குழுவுக்கு வெளியே உள்ளவரிடமிருந்து வரட்டும். எழுதுபவருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசமும், விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியலும், உங்கள் அறிக்கையும் கொடுங்கள்.

நேர்காணல் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் முதற்கட்டத்தில் தேர்வான எல்லா விண்ணப்பதாரர்களையும் ஒரே நாளில் அழைத்துச் சிறு உரையும் குழு நேர்காணலும் நடத்துவது வழக்கம். வட அமெரிக்காவில் ஒவ்வொருவராக ஒன்றிரண்டு நாட்கள் அழைத்து, பொது உரையோடு, ஸ்லைடு இல்லாமல் கரும்பலகையில் எதிர்காலத் திட்டத்தை விளக்கும் உரையையும் பல துறைகள் கேட்கின்றன. இந்தக் கரும்பலகை உரையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே கேள்விகள் குறுக்கிடும் என்று எதிர்பார்த்து, உடன் ஆய்வு செய்பவர்களை உட்காரவைத்து, குறுக்கிடச் சொல்லி மூன்று முறையாவது ஒத்திகை பாருங்கள். அதற்கு முன்பே, நீங்கள் சோதனையாளர் என்றால், ஆய்வகம் தொடங்கத் தேவையானவற்றை விலையோடு ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள்: பாய்வுத்தன்மையை அளக்கும் ரியோமீட்டர், அதிவேகக் கேமரா, நுண்ணோக்கி, அதிர்வு தாங்கும் மேசை, முதல் மாணவரின் உதவித்தொகை. பணி உங்களுக்கே என்று தொலைபேசி வரும் நாளில் இந்தத் தாளைத்தான் துறைத்தலைவர் கேட்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அதில் உள்ளவை எழுத்துவடிவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.